‘கம்பாட்டிபிள்’ என்பதற்குத் தமிழில் எத்தனை சொல்?

மடல் 1

அன்பு நண்பர்களே,

குறைந்த செலவில் விளையாட்டுக் கணினிக்குப் பாகம் தேர்ந்தெடுப்பது பற்றிய கையேடு ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. ‘கம்பாட்டிபிள்’ (ஒரு பாகம் இன்னொன்றோடு ஒத்துப்போவது) என்று வரும் இடமெல்லாம் முதல் வரைவில் ‘இணக்கமானது’ என்று போட்டோம். திரும்பப் படித்தால் வாங்குகிறவரைக் குழியில் தள்ளுகிறது. மூன்று வரிகளைப் பாருங்கள்.

1. எட்டாம் தலைமுறை இன்டெல் செயலி, இசட்270 தாய்ப்பலகையோடு இணக்கமற்றது.
2. எம்.2 சாட்டா எஸ்எஸ்டி, என்விஎம்இ மட்டும் ஏற்கும் எம்.2 செருகுவாயோடு இணக்கமற்றது.
3. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி, பி450 தாய்ப்பலகையோடு இணக்கமானது.

முதல் வரியில் உள்ள செயலி சாக்கெட்டில் அச்சு வார்த்ததுபோல உட்காரும். இந்தச் செயலிக்கும் இசட்270க்காக வந்த முந்தைய தலைமுறைச் செயலிக்கும் தொடுமுனைகள் 1151தான். ஆனால் 2017இல் எட்டாம் தலைமுறையை வெளியிட்டபோது மின்சாரம் போகும் முனைகளின் அடுக்கை இன்டெல் மாற்றிவிட்டது. அதனால் கணினி எழும்பாது. இரண்டாவதில், எம்.2 என்பது சிறு வட்டு அட்டையின் வடிவம்; சாட்டா, என்விஎம்இ என்பவை அது தரவு அனுப்பும் இரு வேறு முறைகள். அட்டை உள்ளே போகும், திருகும் இறுகும், பயாஸில் (கணினியை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) மட்டும் வட்டு தெரியாது. மூன்றாவதில் எல்லாமே ஓடும். ஆனால் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி என்ற அந்த வரைகலை அட்டைக்குப் பிசிஐஇ எனும் தரவுப் பாதையில் தடம் நாலுதான். பிசிஐஇ 4.0 பலகையில் நாலு தடத்தில் நொடிக்கு ஏறத்தாழ 8 ஜிபி போகும். பி450 தருவது பிசிஐஇ 3.0, அதில் பாதி. 4 ஜிபி நினைவகம் நிரம்பியதும் அட்டை அந்த ஒடுங்கிய பாதை வழியேதான் முதன்மை நினைவகத்திலிருந்து படங்களை இழுக்க வேண்டும். ஆட்டம் அங்கே திக்கும். இதைப் போய் ‘இணக்கமானது’ என்று எழுதிவைத்திருக்கிறோம்.

ஒத்திசைவு, இயைபு, ஒவ்வுமை, பொருந்துமை ஆகியவை இதுவரை வந்த பரிந்துரைகள். கருத்துச் சொல்லுங்கள்.

மடல் 2

ஐயா, வணக்கம்.

ஒத்திசைவு வேண்டாம். இரண்டு சாதனங்களின் கோப்புகளை ஒன்றாக்குவதற்கு அது போய்விட்டது. இயைபு என்றால் தமிழாசிரியருக்குத் தொடை நினைவுக்கு வரும், வேதியியல் மாணவருக்குச் சதவீத இயைபு. ஒவ்வுமை நல்ல சொல். ‘ஒவ்வாமை’ எல்லாருக்கும் தெரியும் என்பதால் எளிதில் பிடிபடும். ஆனால் அதுவும் மூன்றையும் ஒரே மூட்டையில்தான் கட்டுகிறது. ஒரு சொல்லுக்கு ஒரு சொல் தேடுவதை விட்டுவிட்டு, உடலளவில் சேர்வதைப் ‘பொருத்தம்’ என்றும், மின்சாரமும் பயாஸும் ஏற்பதை ‘இணக்கம்’ என்றும் பிரித்துவிடலாம்.

பொருத்தம் அளவுகோலுக்குள் அடங்குவது. எல்ஜிஏ1200 சாக்கெட் உள்ள பலகையில் குளிர்விப்பான் துளைகளுக்கு இடைவெளி 75 மிமீ, எல்ஜிஏ1700இல் 78 மிமீ. இந்த மூன்று மில்லிமீட்டருக்காகப் பழைய குளிர்விப்பானுக்குப் புதுப் பிடிமானம் வாங்க வேண்டும். டிடிஆர்4, டிடிஆர்5 நினைவகப் பட்டைகள் இரண்டுக்கும் முனைகள் 288, வெட்டு மட்டும் இடம் மாறியிருக்கும். அழுத்தித் தள்ளினால் உடைவது செருகுவாய். கேபினெட்டைப் பொறுத்தவரை அட்டையின் நீளம், குளிர்விப்பானின் உயரம் இரண்டையும் மிமீயில் ஒப்பிட்டால் போதும். ஒன்றை மறக்கக்கூடாது. பெரிய ஏடிஎக்ஸ் பலகைக்கு வைத்த பித்தளைத் தாங்கிகளில் ஒன்றை எடுக்காமல் விட்டு மேலே சிறிய மைக்ரோ ஏடிஎக்ஸ் பலகையை வைத்தால், துளை இல்லாத இடத்தில் அது பலகையின் முதுகைத் தொட்டு ஷார்ட் ஆகும்.

இணக்கத்தை அளவுகோல் காட்டாது. தாய்ப்பலகை செய்தவரின் தளத்தில் செயலிப் பட்டியல் இருக்கும், ஒவ்வொரு செயலிக்கும் நேரே ‘இந்தப் பயாஸ் பதிப்பு முதல்’ என்று போட்டிருப்பார்கள். பி450 பலகையில் ரைசன் 5 5600 செயலியைப் போட நினைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது அந்தக் கட்டம். பெட்டியில் பழைய பயாஸோடு வந்த பலகை புதுச் செயலியோடு திரையில் எதையும் காட்டாது. செயலியே இல்லாமல் பயாஸ் ஏற்றும் பொத்தான் பல பலகைகளின் பின்புறம் உண்டு. பென்டிரைவை ஃபேட்32 கோப்பு முறைக்கு மாற்றி, பயாஸ் கோப்புக்குக் கையேட்டில் சொன்ன பெயரை வைத்து, குறியிட்ட யூஎஸ்பி வாயில் மட்டும் செருகி, 24 முனை மின்னிணைப்பையும் செயலிக்கான 8 முனையையும் மாட்டிப் பொத்தானை அழுத்த வேண்டும். விளக்கு சிமிட்டி முடிகிறவரை கை வைக்கக்கூடாது. விளக்கு சிமிட்டாமல் அப்படியே எரிந்துகொண்டிருந்தால் பெரும்பாலும் கோப்புப் பெயரிலோ ஃபேட்32இலோதான் பிழை. பழைய பி450 பலகைகள் பலவற்றில் இந்தப் பொத்தான் கிடையாது. வாங்கும் கடையிலேயே பயாஸ் ஏற்றித் தரச் சொல்வது நல்லது.

பொருந்தும் ஆனால் இணங்காது என்பதற்கு மிக மோசமான எடுத்துக்காட்டு, கழற்றி மாட்டும் மின்வழங்கி வடம். ஒரு நிறுவனத்தின் வடம் இன்னொரு நிறுவனத்தின் பெட்டியில் சிக்கெனப் போய் உட்காரும். பெட்டிப் பக்கத்து முனை வரிசைக்குப் பொது விதி கிடையாது. 5 வோல்ட் போக வேண்டிய கம்பியில் 12 வோல்ட் போய் வட்டு எரியும். இரண்டையும் ஒரே சொல்லில் எழுதினால் இந்த எச்சரிக்கையை எழுத வாக்கியமே அமையாது.

மடல் 3

> பொருத்தம், இணக்கம்

கல்யாணப் பேச்சு மாதிரி இருக்கிறது, பத்துப் பொருத்தமும் பார்த்துவிடலாம். விளையாட்டு போகட்டும். சென்னையில் கணினிக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் கடைப்பலகைக்கு முன்னால் நிற்பவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தால் பாதி வேலை முடிந்துவிடும். “இந்த போர்டுல அது உக்காருமா?”, “அந்த ப்ராசசரை எடுக்குமா?”, “சப்ளை தாங்குமா?” இப்படி மூன்று கேள்வி, மூன்று வினை. உட்காருவது உங்கள் பொருத்தம், எடுப்பது உங்கள் இணக்கம். தாங்குவதை இரண்டு பேருமே விட்டுவிட்டீர்கள்.

குறைந்த செலவுக் கணினி அதிகம் படுத்துவிடுவது அங்கேதான். கேபினெட்டோடு இலவசமாக வரும் மின்வழங்கியின் மேல் பெரிதாக 450 வாட் என்று இருக்கும். பக்கத்து ஒட்டுச்சீட்டில் +12 வோல்ட் வரியைப் படியுங்கள். 15 ஆம்பியர் என்றிருந்தால் 12 × 15 = 180 வாட். செயலியும் வரைகலை அட்டையும் குடிப்பது அந்த வரியிலிருந்துதான். ஐ3-12100எஃப் செயலி உச்சத்தில் 89 வாட், ஆர்எக்ஸ் 6600 அட்டை 132 வாட், கூட்டினால் 221. பலகை, வட்டு, விசிறிகளுக்கு இன்னொரு 50. ஆட்டம் தொடங்கிய சில நிமிடத்தில் கணினி தானாக அணைந்தால் பலரும் வெப்பத்தைத்தான் குறை சொல்வார்கள். ஒட்டுச்சீட்டை யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை. +12வி1, +12வி2 என்று இரண்டு வரி போட்டிருந்தால் ஆம்பியரை அப்படியே கூட்டக்கூடாது, கீழே மொத்த வாட் தனியாக இருக்கும், அதுதான் கணக்கு.

வரைகலை அட்டைக்குச் செருகுவாய் தருவது 75 வாட், 6 முனை இணைப்பு 75, 8 முனை இணைப்பு 150. இதற்குத் ‘தாங்குதிறன்’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. புதுச்சொல் தேவையில்லை.

மடல் 4

வணக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன்.

மூன்றும் சரியாக அமைந்தாலும் நாலாவது ஒன்று மிச்சம் இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘பாட்டில்நெக்’ என்கிறார்களே, அது. பாகமெல்லாம் உட்காரும், எடுக்கும், தாங்கும். ஆனால் ஒன்றின் வேகத்துக்கு மற்றது நிற்காது. ‘புட்டிக்கழுத்து’ என்று யாரோ மொழிபெயர்த்ததைப் பார்த்தேன். தயவுசெய்து வேண்டாம். இதற்கு நம்மிடம் நல்ல வினை இருக்கிறது: ஈடுகொடுத்தல். ‘இந்த அட்டைக்கு அந்தச் செயலி ஈடுகொடாது’ என்றால் யாருக்கும் விளங்கும்.

பெயர்ச்சொல் ஆக்கும்போதுதான் சிக்கல். எங்கட பக்கம் ‘ஈடு வைக்கிறது’ எண்டால் நகையைக் கொண்டுபோய் அடகு வைக்கிறது. கணினி வாங்க அதுவும் தேவைப்படும், அது வேறு கதை.

மடல் 5

அண்ணா, ஈடுகொடுத்தல் எனக்கும் பிடித்திருக்கிறது. பெயர்ச்சொல்லுக்கு ‘ஈடின்மை’ என்று போடலாமா?

மடல் 6

> ஈடின்மை

போட்டால் பொருள் தலைகீழாகிவிடும் தம்பி. ‘ஈடில்லாத செயலி’ என்றால் நிகரற்ற செயலி. விளம்பரத்துக்குத்தான் ஆகும்.

‘முட்டுக்கட்டை’யும் சரிவராது. சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போட்டால் வண்டி நின்றுவிடும். இங்கே வண்டி ஓடத்தான் செய்கிறது, குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் போவதில்லை. ‘குறுமடை’யை முன்வைக்கிறேன். கண்மாயில் தண்ணீர் தளும்பி நின்றாலும், வாய்க்காலை எத்தனை அகலமாக வெட்டி வைத்தாலும், வயலுக்குப் போவது மடை விடுகிற அளவுதான். வாய்க்காலை இன்னும் அகலப்படுத்துவது வீண்செலவு. மடையைப் பெரிதாக்கினால் அடுத்த குறுகல் எங்கே என்று தேட வேண்டியதுதான். குறுமடை இல்லாத கணினியே கிடையாது, அது எந்தப் பாகத்தில் இருக்கிறது என்பதே கேள்வி. விளையாட்டுக் கணினியில் அது வரைகலை அட்டையில் இருந்தால் நல்லது. கொடுத்த காசு முழுக்க வேலை செய்கிறது என்று பொருள்.

கையேட்டில் அதைக் கணக்காகவே காட்டலாம். நொடிக்கு 60 சட்டம் (திரையில் அடுத்தடுத்து வரும் படம்) வேண்டுமானால் ஒரு சட்டத்துக்கு 16.7 மில்லிநொடி. செயலி ஒரு சட்டத்தைத் தயாரிக்க 20 மில்லிநொடியும் அட்டை வரைய 10 மில்லிநொடியும் எடுத்தால் கிடைப்பது 50 சட்டம். அட்டையை இரு மடங்கு வேகமானதாக மாற்றினாலும் அதே 50தான்.

சோதனையும் எளிது. ஒரே ஆட்டம், ஒரே இடம், செங்குத்து ஒத்திசைவை (வி-சிங்க்) அணைத்துவிட்டு 1080பியில் சட்ட எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளுங்கள். மற்ற அமைப்புகளைத் தொடாமல் திரைத் துல்லியத்தை மட்டும் 720பிக்கு இறக்குங்கள். எண்ணிக்கை குதித்தால் குறுமடை அட்டையில். அசையாவிட்டால் செயலியில், அல்லது ஒரே பட்டையோடு ஒற்றைத் தடத்தில் ஓடும் நினைவகத்தில். செயலிப் பயன்பாடு 40 விழுக்காடு என்று காட்டுவதை நம்ப வேண்டாம். 12 இழை (செயலி ஒரே நேரத்தில் ஓட்டும் வேலை வரிசை) உள்ள செயலியில் ஓர் இழை முழுக்க நிரம்பியிருந்தாலும் மொத்தத்தில் அது 8 விழுக்காடுதான். அட்டையின் பயன்பாடு 97, 98ஐ ஒட்டி நிற்கிறதா என்று பார்ப்பதே நம்பகமான வழி. இரண்டு பாகத்தின் பெயரைக் கொடுத்தால் ஒரே விழுக்காட்டைத் துப்பும் தளங்களைக் கையேட்டில் சேர்க்கவே கூடாது. ஆட்டமும் திரை அளவும் மாறினால் மடை இடம் மாறும்.

மடல் 7

குறுமடைக்கு என் ஆதரவு. மடையைப் பார்க்காதவருக்கும் ‘மடை திறந்த வெள்ளம்’ தெரியும்.

முதல் மடலின் மூன்றாவது வரி இன்னும் தொங்குகிறது. இரண்டு பாகமும் இணங்கும், ஆனால் வேகமானது மெதுவானதன் அளவுக்கு இறங்கி வரும். கையேட்டில் இது அடிக்கடி வரும். எச்610 பலகையின் எம்.2 வாயில் பிசிஐஇ 4.0 வட்டைப் போட்டால் 3.0 வேகத்தில் ஓடும். 3200 என்று எழுதிய டிடிஆர்4 பட்டை, பயாஸில் எக்ஸ்எம்பி எனும் வேக அமைப்பை முடுக்காதவரை பெரும்பாலும் 2133இலோ 2666இலோ கிடக்கும். நீளமான இரண்டாவது செருகுவாய் பார்வைக்கு 16 தடம், உள்ளே பெரும்பாலும் நாலு. இதற்கு ‘இறங்கிணக்கம்’ எப்படி? இறங்கு + இணக்கம், வினைத்தொகை. ‘அவர் கொஞ்சம் இறங்கி வந்தார்’ என்று பேச்சில் சொல்வதுதான்.

இறங்கிணக்கம் என்றாலே கெடுதல் என்று எழுதிவிடாதீர்கள். 8 தடம் கொண்ட ஆர்எக்ஸ் 6600, 8 ஜிபி நினைவகம் இருப்பதால் பி450இல் கொஞ்சம்தான் இழக்கும். நாலு தட 6500 எக்ஸ்டிதான் அடிபடுவது. ரைசன் 5 5500 வாங்குவோரையும் எச்சரிக்க வேண்டும். பெயரில் நூறுதான் குறைவு, ஆனால் எல்3 தற்காலிக நினைவகம் 5600இன் 32 எம்பிக்குப் பதில் 16 எம்பி, பிசிஐஇயும் 3.0. பி550 பலகையில் போட்டாலும் 4.0 கிடைக்காது, ஏனென்றால் அட்டைக்குப் போகும் தடங்கள் செயலியிலிருந்தே வருகின்றன.

மடல் 8

நண்பர்களே, இப்படித் திருத்தியிருக்கிறோம்:

1. எட்டாம் தலைமுறை இன்டெல் செயலி இசட்270இல் பொருந்தும், இணங்காது.
2. எம்.2 சாட்டா வட்டு என்விஎம்இ வாயில் பொருந்தும், இணங்காது. பலகையின் கையேட்டில் அந்த வாய்க்கு நேரே சாட்டா என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள்.
3. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி பி450இல் இறங்கிணங்கும். 4 ஜிபி நிரம்பும் ஆட்டங்களில் அந்த நாலு தடமே குறுமடை.

எடுத்துக்காட்டுக் கணினியாக ஐ3-12100எஃப், டிடிஆர்4 எச்610 பலகை, இரண்டு 8 ஜிபி 3200 பட்டைகள், ஆர்எக்ஸ் 6600, தரமான 500 வாட் மின்வழங்கி ஆகியவற்றை வைத்திருக்கிறோம். பலகையில் நினைவகச் செருகுவாய் இரண்டே இரண்டு என்பதால் 16 ஜிபி ஒற்றைப் பட்டை வேண்டாம், இன்றே இரட்டைத் தடம் கிடைக்கட்டும். எஃப் எழுத்து உள்ள செயலியில் வரைகலை கிடையாது. எச்டிஎம்ஐ வடத்தைத் தாய்ப்பலகையில் செருகிவிட்டுத் திரை வரவில்லை என்று தேடக்கூடாது என்பதைத் தடித்த எழுத்தில் போட்டாயிற்று.

இதை எழுதும்போதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. பிசிஐஇக்கு ‘நாலு தடம்’ என்கிறோம், நினைவகத்துக்கு ‘இரட்டைத் தடம்’ என்கிறோம். இரண்டும் வேறு வேறு. ஒன்றுக்கு மாற்றுச்சொல் வேண்டும்.

மடல் 9

பிசிஐஇக்கு ‘இழை’ என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள். 4 கரு, 8 இழை என்று செயலிக்கு அதைக் கொடுத்தாயிற்று.