சம்புக்கு ஒரு பேஸ்ட், கேம் ஹவுசிங்குக்கு வேறு பேஸ்ட்

ஆயில் கசியாமல் அடைக்கும் பேஸ்ட்டில், எல்லா ஜாயின்ட்டுக்கும் ஒரே டியூபைப் பிதுக்கிக் கட்டுகிற இன்ஜின்தான் திரும்ப வேலைக்கு வருது. முதலில் ஒட்டி உட்காரும் இரண்டு முகத்துக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி, அந்த ஜாயின்ட் அசையுமா என்று பாருங்க. தகட்டுச் சம்பு (இன்ஜின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) சூட்டில் நெளியும். அதற்கு ஆர்.டி.வி. சிலிக்கான் (சாதாரண அறைச் சூட்டிலேயே இறுகும் ரப்பர் பேஸ்ட்). மெஷின் செய்த இரண்டு அலுமினிய முகம் நேருக்கு நேர் உட்காரும் கேம் ஹவுசிங் (கேம்ஷாஃப்ட் உட்காரும் கூடு) போன்ற இடத்துக்குப் பெரும்பாலும் அனரோபிக் பேஸ்ட். அங்கே கையில் கிடைத்த சிலிக்கானைத் தடிமனாகப் பூசினால் முகம் முழுசாக உட்காராது, பேரிங் கிளியரன்ஸ் மாறிப்போகும். கம்பெனி மேனுவல் வேறு சொன்னால் மேனுவல்தான்.

* * *

அண்ணன் சொன்ன அனரோபிக் காற்றுபடாத இடத்தில், உலோகம் பட்டால்தான் இறுகும். உள்ளே பிதுங்கியது இறுகாமல் ஆயிலோடு போய்விடும், அடைக்காது. ஆனால் கால் மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால் தாங்காது. ஒரு முகத்தில் மட்டும் ரோலரால் மெலிசாக ஓட்டினால் போதும்.

சிலிக்கான் அப்படி இல்லை. வெளியே எவ்வளவு பிதுங்குதோ, உள்ளேயும் கிட்டத்தட்ட அவ்வளவு. அது இறுகி, பிய்ந்து, ஆயிலில் மிதக்கும். ஆயில் லைட் எரியுதுன்னு சம்பை இறக்கினால் ஆயிலை வடிகட்டும் ஸ்ட்ரெய்னர் வலையில் கறுப்புப் புழு மாதிரி ஒட்டிக்கிடக்கும். அதற்குள் பேரிங் தேய்ந்திருக்கும். 3 மி.மீ. கோடு போதும், போல்ட் ஓட்டைக்கு உள்பக்கமாகச் சுற்றி வரணும், எங்கேயும் அறுபடக் கூடாது. மேலே தோல் கட்டுவதற்குள், அதாவது 5 முதல் 10 நிமிஷத்துக்குள், சம்பை ஏற்றி போல்ட்டை டார்க் பண்ணணும் (மேனுவல் சொல்லும் அளவுக்கு முறுக்கணும்). ஆயில் ஊற்ற 24 மணி நேரம் பொறுக்கணும்.

பழைய பேஸ்ட்டைச் சுரண்ட பிளாஸ்டிக் ஸ்கிரேப்பர். கிரைண்டரில் மாட்டும் உராய்வு டிஸ்க் வேண்டவே வேண்டாம்: அலுமினியத்தில் பள்ளம் விழும், அதன் பொடி பேரிங்கைத் தின்னும். கடைசியில் பிரேக் கிளீனர் போட்டு இரண்டு முகத்தையும் துடையுங்க. விரல் பட்ட எண்ணெய் இருந்தாலும் சிலிக்கான் பிடிக்காது.

* * *

நீங்க இரண்டு பேரும் ஹெட் கேஸ்கெட்டை (சிலிண்டர் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே வரும் அடைப்பு) விட்டுட்டீங்க. ஸ்டீல் அடுக்கு கேஸ்கெட்டில் ரப்பர் பூச்சு கம்பெனியிலேயே வந்துவிடுது, மேலே எதுவும் தடவக் கூடாது. தடவினால் கேஸ்கெட் வழுக்கும், சமமாக அமுங்காது. டைமிங் கவரும் பிளாக்கும் சேரும் மூலையில் மட்டும், மேனுவலில் குறித்திருந்தால், பட்டாணி அளவு சிலிக்கான். டேப்பட் கவருக்கு அடியில் வரும் அரைவட்ட ரப்பர் பிளக்குக்கும் அதே.

ஹெட் போல்ட் ஓட்டை வாட்டர் ஜாக்கெட்டுக்குள் (பிளாக்கில் கூலன்ட் ஓடும் வழி) திறந்தால் மரைக்கு சீலன்ட் அவசியம், இல்லாவிட்டால் மரை வழியே கூலன்ட் கசியும். அடைபட்ட ஓட்டையில் ஆயிலோ தண்ணியோ தேங்கியிருந்தால் காற்றடித்து எடுங்க. அதன் மேலேயே போல்ட்டை முறுக்கினால் திரவம் அமுங்காது, பிளாக்கே விரிசல் விடும்.

ஆயில் பிரஷர் சுவிட்சுக்கு டெஃப்ளான் டேப் சுற்றாதீங்க. நூலாகப் பிய்ந்து ஆயில் வழியில் போகும். மரை வழியாக எர்த் எடுக்கும் சுவிட்ச் என்றால் அந்த எர்த் தொடர்பும் கெடலாம்.

வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கானை இன்ஜின் பக்கமே கொண்டுவராதீங்க. அந்த அமிலம் உலோகத்தை அரிக்கும். டியூபில் 'ஆக்சிஜன் சென்சாருக்குப் பாதுகாப்பானது' என்று போட்டிருக்கான்னு பார்த்து வாங்குங்க.