போர்ஷே 718 கேமன் கார் வாங்கற நேரம் வந்துருச்சான்னு எப்படி முடிவு பண்றது?

கேமன்கனவு

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சுட்டு மட்டும் இருக்கேன், இன்னைக்கு கேட்டே ஆகணும்னு எழுதறேன், கொஞ்சம் நீளமா போகும் பொறுத்துக்கங்க.

ஊர் கோயம்புத்தூர், வயசு 36, ஐடி வேலை. வீட்லயும் வேலைக்கு போறாங்க. ரெண்டு பேருக்கும் சேத்து கைக்கு மாசம் 3.4 லட்சம் வருது, அதுல என்னோடது 2.1. வீட்டு லோன் 46,000, எஸ்ஐபி 60,000, ஸ்கூல் ஃபீஸ் மளிகை எல்லாம் சேத்து 90,000 பக்கம், அப்பா அம்மாவுக்கு 20,000. மியூச்சுவல் ஃபண்டுல 55 லட்சம், எஃப்டில 12 லட்சம் இருக்கு. பொண்ணுக்கு அஞ்சு வயசு. இப்ப ஓட்டறது ஸ்விஃப்ட், அதுல கடன் ஒண்ணும் இல்ல.

காலேஜ் படிக்கறப்ப செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேக்கு ரேஸ் பாக்க போவோம். ஒரு நாள் அங்க பார்க்கிங்ல ஒரு மஞ்சக் கலர் கேமன் நின்னுட்டு இருந்துச்சு, அன்னைல இருந்து வேற எந்த காரும் மனசுல ஏறவே இல்ல. இப்ப பெங்களூர்ல ஒண்ணு வந்திருக்கு, 2019 மாடல் 718 கேமன், 2 லிட்டர் டர்போ, 27,000 கிமீ, கேஏ நம்பர், 68 லட்சம் சொல்றாங்க. 28 லட்சத்தை ஃபண்டுல இருந்து எடுத்துட்டு 40 லட்சம் லோன் போடலாம்னு ஒரு யோசனை.

அப்பா அந்த காசுக்கு சரவணம்பட்டி பக்கம் இடம் வாங்குங்கறார். வீட்ல வேணாம்னு சொல்லல, பாப்பா படிப்பு பணத்துல மட்டும் கை வைக்காதீங்கன்னு சொல்லிட்டாங்க. நெட்ல பாத்தா ஒருத்தர் 20-4-10ங்கறார், ஒருத்தர் வருஷ சம்பளத்துல பாதிங்கறார், இன்னொருத்தர் முழுக்காசு கைல இருந்தா மட்டும் வாங்குங்கறார். எதை நம்பறது? நீங்க எல்லாம் எதை வச்சு "சரி, இப்ப நம்மளால முடியும்"னு முடிவு பண்ணீங்க?

சேலம்_ஆடிட்

அண்ணா, வரவு செலவு எல்லாத்தையும் ஒளிக்காம எழுதினதுக்கு முதல்ல நன்றி, பாதி பேர் சம்பளத்தை சொல்லாமலே வாங்கலாமான்னு கேப்பாங்க.

20-4-10ங்கறது அமெரிக்காக்காரங்க பழக்கம். 20 சதவீதம் முன்பணம், நாலு வருஷ லோன், கார் செலவு மொத்தமும் வருமானத்துல 10 சதவீதத்துக்குள்ள. உங்க கணக்குல 10 சதவீதம்னா மாசம் 34,000, அது கேமனை ஓட்டற செலவுக்கே சரியா போயிரும், இஎம்ஐக்கு ஒண்ணும் மிஞ்சாது. அவங்க ஊர்ல கார் விலைக்கும் சம்பளத்துக்கும் இருக்கற தூரம் வேற. நம்ம ஊருக்கு முழுசா வெளிநாட்டுல செஞ்சு வர்ற இந்த மாதிரி விலை கூடின காருக்கு சுங்கவரி கட்டறதே அந்த காரோட அடக்கவிலைக்கு மேல போகுது, அதுக்கப்புறம் ஜிஎஸ்டி, அதுக்கப்புறம் தமிழ்நாட்டுல 20 லட்சத்துக்கு மேல போற புது காருக்கு 20 சதவீதம் லைஃப் டாக்ஸ். பழைய கார் விலையும் இதை வச்சு தான் நிக்குது. அதனால அந்த விதியை விட்டுருங்க.

இப்ப உங்க திட்டத்தை பாப்போம். 40 லட்சம், யூஸ்டு கார் லோன் 11 சதவீதம்னு வச்சுக்கங்க, அஞ்சு வருஷம். இஎம்ஐ 87,000 பக்கம் வரும், கட்டி முடிக்கறப்ப 52 லட்சம் கட்டியிருப்பீங்க. இன்சூரன்ஸ், சர்வீஸ், டயர், பெட்ரோல் எல்லாத்தையும் மாசத்துக்கு பிரிச்சா குறைஞ்சது 30,000. ஆக 1.17 லட்சம். உங்களுக்கு எல்லாம் போக மிஞ்சறது 1.24 லட்சம். தாள்ல பொருந்துது, ஏழாயிரம் மிச்சம். அந்த ஏழாயிரத்துல தான் ஆஸ்பத்திரி, கல்யாணம் காதுகுத்து, ஏசி ரிப்பேர் எல்லாமே அடங்கணும், அடங்காது. ரெண்டு சம்பளமும் நிக்காம வரும்னு நம்பித்தான் இதெல்லாம், அவங்க ஒரு வருஷம் வேலையை விட்டா என்னாகும்னு ஒரு தடவை எழுதி பாருங்க.

ஃபண்டுல இருந்து 28 லட்சம் எடுக்கறதுலயும் ஒரு விஷயம் இருக்கு. ஒரு வருஷத்துக்கு மேல வச்சிருந்த ஈக்விட்டி ஃபண்டுனா லாபத்துல 1.25 லட்சம் போக மீதிக்கு 12.5 சதவீதம் வரி. 12 லட்சம் லாபம்னு வைங்க, 1.34 லட்சம் வரியா போயிரும். பொண்ணு படிப்புக்கு எந்த ஃபண்டு, உங்களுக்கு எந்த ஃபண்டுன்னு பிரிச்சு வச்சிருக்கீங்களா? பிரிக்கலனா அந்த 55 லட்சத்துல எவ்ளோ உங்களோடதுன்னு உங்களுக்கே தெரியாது.

நான் என்னோட கிளையண்டுகளுக்கு சொல்றது இதான். கார் வாங்கிட்ட மாதிரி இப்பவே மாசம் 1.17 லட்சத்தை சம்பளம் வந்த அன்னைக்கே தனி கணக்குக்கு தள்ளுங்க. எஸ்ஐபி நிறுத்தக்கூடாது, கிரெடிட் கார்டுல மிச்சம் வைக்கக்கூடாது. ஒரு வருஷம், அதுல ஒரு தீபாவளி, ஒரு ஸ்கூல் ஃபீஸ் சீசன், ஒரு இன்சூரன்ஸ் ரினியூவல் எல்லாம் வந்து போகட்டும். அந்த கணக்குல கை வைக்காம தாண்டிட்டீங்கன்னா 14 லட்சம் சேந்திருக்கும், லோனும் அந்தளவுக்கு குறையும். கை வச்சுட்டீங்கன்னா இன்னும் நேரம் வரலன்னு அர்த்தம், காசும் உங்ககிட்டயே தான் இருக்கும்.

நெல்லை_ஜிடி

சேலம் மேடம் சொல்றது கணக்குக்கு சரிதான் ஆனா ஒண்ணு சொல்லணும். 718 பெட்ரோல் கேமன், அதே கார் கூரை திறக்கற மாதிரி வர்ற பாக்ஸ்டர், ரெண்டையும் 2025ல நிறுத்திட்டாங்க, இனிமே வந்தா வேற மாதிரி தான் வரும். நல்ல கண்டிஷன்ல இருக்கற வண்டி எண்ணிக்கை வருஷா வருஷம் குறையத்தான் செய்யும். ப்ரோக்கு இப்ப 36, பொண்ணு காலேஜ் போறப்ப 49 ஆயிரும், அப்ப ஃபீஸ் கட்டுவாரா கார் வாங்குவாரா? எல்லாம் செட் ஆன பிறகு வாங்கலாம்னு இருந்தா எங்க ஊர்ல நான் பாத்த வரைக்கும் யாரும் வாங்கினதே இல்ல. முதல் அஞ்சு வருஷ விலைச்சரிவை முதல் ஓனர் தாங்கிட்டாரு, 2019 வண்டி இனிமே அந்த வேகத்துல இறங்காது. எனக்கு கேட்டா ரொம்ப தள்ளிப்போடாதீங்க.

பாக்ஸர்நாலு

சென்னைல 718 பாக்ஸ்டர் வச்சிருக்கேன், அதே 2 லிட்டர் 300 எச்பி எஞ்சின், செகண்ட்ஸ்ல வாங்கினது. அதனால விலையை விட்டுட்டு கூட வாழறது எப்படின்னு சொல்றேன்.

சர்வீஸ் வருஷத்துக்கு ஒரு தடவை இல்லனா 15,000 கிமீ, எது முன்னாடி வருதோ அது. ஓட்டாம நிறுத்தி வச்சாலும் வருஷம் வந்தா கொண்டு போகணும். பிரேக் ஆயில் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, பிளக் நாலு வருஷத்துல. எஞ்சின் சீட்டுக்கு பின்னாடி நடுவுல உக்காந்திருக்கு, பானெட்டை திறந்தா டிக்கி தான் இருக்கும், ஸோ சின்ன வேலைக்கு கூட லிஃப்ட்ல ஏத்தி கீழ இருந்து கழட்டுவாங்க, லேபர் அங்கதான் ஏறுது. முன்னாடி டயர் ஒரு அகலம் பின்னாடி வேற அகலம், மாத்தி போட முடியாது, பின்னாடி ஜோடி சீக்கிரம் தேஞ்சுரும். நாலும் சேத்து மாத்துனா ஒன்றரை லட்சம் தாண்டிரும். இன்சூரன்ஸ் எனக்கு லட்சத்துக்கு மேல வருது, அதுல எஞ்சின் ப்ரொடெக்ட் கண்டிப்பா எடுங்க, மழைத்தண்ணி எஞ்சினுக்குள்ள போனா சாதாரண பாலிசில பெரும்பாலும் குடுக்க மாட்டாங்க. பெட்ரோல் 95 ஆக்டேனுக்கு கீழ நான் போடறதில்ல, லாங் போறப்ப எக்ஸ்பி100ங்கற 100 ஆக்டேன் பெட்ரோல், அது சாதாரண பெட்ரோலை விட விலை ரொம்ப ஜாஸ்தி. சிட்டில லிட்டருக்கு 7, 8 கிமீ குடுக்கும்.

இன்னொரு விஷயம் யாரும் சொல்ல மாட்டாங்க. முன்பக்க பம்பர்ல ரெண்டு சைடும் காத்து போற ஓட்டை இருக்கு பாருங்க, அதுக்கு பின்னாடி தான் ரேடியேட்டர். அந்த இடுக்குல காஞ்ச இலை, பாலித்தீன், வேப்பம்பூ எல்லாம் போய் அடைஞ்சுக்கும், மழைல நனைஞ்சு மக்கி அப்படியே ரேடியேட்டரை அரிக்கும். வேக்குவம் கிளீனர் முனைல ஒல்லியா ஒரு ட்யூப் மாட்டி நான் அடிக்கடி உறிஞ்சி எடுப்பேன். பெங்களூர் வண்டியை பாக்க போறப்ப டார்ச் அடிச்சு அந்த ஓட்டைக்குள்ள பாருங்க, உள்ள குப்பையா இருந்தா ஓனர் எப்படி வச்சிருந்தார்னு அதுலயே தெரிஞ்சுரும்.

ரெண்டே சீட்டு. பொண்ணுக்கு அஞ்சு வயசுங்கறீங்க, குடும்பமா போகணும்னா ஸ்விஃப்ட் தான். அம்மாவை ஒரு தடவை உக்கார வச்சேன், இறங்கறதுக்கு கை குடுக்க வேண்டியதாச்சு. வீட்டு வாசல் சரிவை அளந்து பாத்துருங்க, முன்னாடி பம்பரோட அடி விளிம்பு தேயும், பெயிண்ட் அடிக்காத ஸ்பீட் பிரேக்கர்ல குறுக்கா தான் ஏத்தணும்.

இவ்ளோ சொல்லிட்டு இதையும் சொல்லணும். விடியக்காலைல மேட்டுப்பாளையத்துல இருந்து கோத்தகிரி ஏறினேன் (இப்ப நீலகிரிக்கு இ-பாஸ் வேணும், முன்னாடியே போட்டுருங்க), ரெண்டாவது கியர்ல வளைவுக்குள்ள விட்டதும் நான் நினைச்ச இடத்துல மூக்கு திரும்புச்சு, ஸ்டியரிங் வழியா ரோட்ல இருக்கற சரளைக்கல்லு கூட கைல தெரியுது. ஆறு சிலிண்டர் சத்தம் இதுல இல்லன்னு குறை சொல்லுவாங்க, சொல்லட்டும். நான் குடுத்த காசுக்கு எனக்கு அந்த ரோடு போதும்.

எதை வச்சு முடிவு பண்ணேன்னு கேட்டீங்க. நாளைக்கு இது பிடிஎம், அதாவது கியர்பாக்ஸ் பக்கம் பெரிய வேலை வச்சு ஏழு எட்டு லட்சம் கேட்டா, வீட்ல யார்கிட்டயும் சொல்லாம, எதையும் விக்காம கட்ட முடியுமான்னு யோசிச்சேன். முடியும்னு ஆன வருஷம் வாங்கினேன். அது வரைக்கும் விலை கைல இருந்தும் வாங்கல.

வளைவுசாலை

பாக்ஸர்நாலு, பிடிஎம் இல்ல பிடிகே, புதுசா படிக்கறவங்க குழம்பிக்குவாங்க.

ப்ரோ, கேமன் தான் வேணுமா, இல்ல வேகமா ஓட்டற சந்தோஷம் வேணுமா? ரெண்டாவதுனா ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 245 பாருங்க. 2020ல இந்தியாவுக்கு 200 கார் தான் விட்டாங்க, அப்ப 36 லட்சம், 245 எச்பி. அஞ்சு சீட்டு, பெரிய டிக்கி, பாப்பாவையும் கூட்டிட்டு போலாம். மிச்ச காசுல கரில ட்ராக் டே, அதாவது ரேஸ் ட்ராக்ல நம்மள மாதிரி ஆளுங்களை ஓட்ட விடற நாள், நடக்கறப்ப போய் ஓட்டுங்க, ரோட்ல எவ்ளோ நல்ல கார் வச்சிருந்தாலும் பஸ்ஸுக்கும் டூவீலருக்கும் நடுவுல அதோட பாதி திறமையை கூட பாக்க முடியாது.

பீளமேடு_கேரேஜ்

தம்பி, நம்ம ஊர்க்காரரா இருக்கீங்க, அதனால சொல்றனுங்க. வாங்கறீங்களோ இல்லியோ, அந்த கேஏ வண்டிக்கு 68 ஓட நிக்காதுங்க. என்ஓசி வாங்கி நம்ம ஆர்டிஓல திரும்ப பதிவு பண்ணோணும், 12 மாசத்துக்கு மேல வேற ஸ்டேட் நம்பர்ல ஓட்டக்கூடாது. இங்க லைஃப் டாக்ஸ் வண்டி வயசுக்கு தகுந்த மாதிரி குறைச்சு போடுவாங்க, ஆனாலும் லட்சக்கணக்குல தான் வரும். கர்நாடகால கட்டினதுல மீதிக்காலத்துக்கு ரீஃபண்ட் கேக்கலாம், அதுக்கு அலையோணும், அது வந்தா வருதுன்னு வச்சுக்கங்க, கணக்குல சேக்காதீங்க.

பெங்களூர் வண்டினா தண்ணி பாத்துச்சான்னு மொதல்ல பாருங்க. 2022 செப்டம்பர்ல அவுட்டர் ரிங் ரோடு பக்கம் எத்தன பெரிய பெரிய வண்டி முழுகுச்சு, டிவில பாத்திருப்பீங்க. சீட் பெல்ட்டை கடைசி வரைக்கும் இழுத்து விடுங்க, அடில சுத்தி இருக்கற பாகத்துல மண்ணு கோடு தெரிஞ்சா வேணாம்னுட்டு வந்துருங்க. சீட்டுக்கு அடில ரெயில் போல்ட்ல துரு இருக்கான்னு விரல் விட்டு பாருங்க. டயர் சைடுல நாலு நம்பர் இருக்கும், 2319னா 2019ல 23வது வாரம் செஞ்சது, அந்த டயர் ஆறு வருஷம் தாண்டிருச்சு, பட்டன் நல்லா இருந்தாலும் மாத்தோணும், அதை விலைல கழிங்க. கம்பெனி சர்வீஸ் சென்டர்ல காசு குடுத்து இன்ஸ்பெக்ஷன் போட்டு கம்ப்யூட்டர் ரிப்போர்ட் கேளுங்க, விக்கறவர் அதுக்கு ஒத்துக்கலன்னா அந்த வண்டிய பத்தி மேல பேசவே வேண்டாங்க.

கேமன்கனவு

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேத்து நைட்டு பாப்பா தூங்கின பிறகு வீட்ல உக்காந்து எல்லாத்தையும் படிச்சு காமிச்சேன். சேலம் மேடம் எழுதின ஏழாயிரம் கணக்கு தான் அவங்களுக்கும் எனக்கும் உறைச்சுது, நான் அதை ஒரு தடவை கூட கூட்டி பாக்கல. கியர்பாக்ஸ் கேள்விக்கும் என்கிட்ட இப்ப பதில் இல்லைங்க, எஃப்டியை உடைச்சா தான் கட்ட முடியும், அது அவசரத்துக்குன்னு வச்சிருக்கறது.

ஸோ பெங்களூர் வண்டியை விடறேன். நெல்லை ப்ரோ சொன்ன மாதிரி தள்ளிட்டே போகவும் விருப்பம் இல்ல, அதனால வர்ற மாச சம்பளத்துல இருந்து 1.17 லட்சம் தனியா போகுது, அடுத்த வருஷம் இதே நேரம் அதை வச்சு முடிவு. ஃபண்டுல பாப்பாவோடதுன்னு 30 லட்சத்தை இப்பவே பிரிச்சு எழுதிட்டோம். ஆக்டேவியா நல்ல கார் தான் வளைவுசாலை ப்ரோ, ஆனா எனக்கு கேமன் தான். ட்ராக் டே ஐடியா ரொம்ப பிடிச்சிருக்கு, ஸ்விஃப்ட்டையே கொண்டு போய் ஓட்ட விடுவாங்களா?

மேடம், ஒரு சின்ன டவுட்டு, அந்த தனி காசை ஆர்டில போடவா, லிக்விட் ஃபண்டுலயா?

சேலம்_ஆடிட்

ஒரு வருஷம்னா ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லண்ணா, வட்டிக்கு ரெண்டுலயும் உங்க ஸ்லாப் படி வரி தான். ஆர்டி போடுங்க, அண்ணி பேரும் சேத்து ஜாயிண்டா. போன்ல ஒரு தட்டுல எடுக்கற மாதிரி இருந்தா டிசம்பர்ல நல்ல வண்டி ஒண்ணு கண்ணுல படறப்ப கை போயிரும்.

பீளமேடு_கேரேஜ்

ஸ்விஃப்ட் தாராளமா கொண்டு போலாம் தம்பி. ஹெல்மெட் வேணும், பிரேக் ஆயிலும் பேடும் புதுசா போட்டுட்டு போங்க, நாலு ரவுண்டுலயே சூடாயிரும். போறதுக்கு முந்தின வாரம் கடைக்கு வாங்க, பாத்து தர்றேன்.