சிஸ்ட்: தேவதை இறால் வளர்ப்பில் இதற்கு என்ன சொல்?

அனைவருக்கும் வணக்கம்.

தேவதை இறால் (ஃபேரி ஷ்ரிம்ப்) வளர்ப்புக்கு ஒரு பக்கக் கையேடு தயாராகிறது. தென்னிந்திய மழைக்குட்டைகளில் காணப்படும் நன்னீர் இனமான ஸ்ட்ரெப்டோசெபாலஸ் டைகோடோமஸை மனத்தில் வைத்து எழுதியது. 'சிஸ்ட்' என்ற இடத்தில் வண்டி நின்றுவிட்டது. அகராதியைப் புரட்டினால் 'நீர்க்கட்டி' வருகிறது. "நீர்க்கட்டிகளை 2 லிட்டர் நீரில் தூவவும்" என்று எழுதினால் படிப்பவர் ஸ்கேன் சென்டருக்குத்தான் ஓடுவார்.

பொருள் இதுதான்: பெண் இறாலின் பையிலிருந்து உதிரும், ஏறத்தாழ கால் மி.மீ. உள்ள, கெட்டி ஓடு போட்ட பழுப்பு உருண்டை. உள்ளே கரு ஓரளவு வளர்ந்து அப்படியே நின்றிருக்கும். குட்டை வற்றி மண் வெடித்தாலும் சாகாது. ஆண்டுக்கணக்கில் கிடந்து மழை வந்ததும் பொரியும். என் முன்மொழிவு 'வறள்முட்டை'. வெறும் 'முட்டை' போதும் என்றாலும் சரி.

(தேவதை இறால் என்ற பெயர் சரியா என்ற சண்டை வேறு இழையில் நடக்கட்டும். அது இறாலே இல்லை என்பது எனக்கும் தெரியும்.)

* * *

> வெறும் 'முட்டை' போதும் என்றாலும் சரி

போதாது ஐயா. சிக்கல் தொட்டியில் இருக்கிறது. 'முட்டை' என்று படித்தவர், உதிர்ந்தது அதே தண்ணீரில் இரண்டு நாளில் பொரியும் என்று காத்திருப்பார். பெரும்பாலும் பொரியாது. ஒன்றிரண்டு மாதத்தில் பெரிய இறால்கள் மடிந்ததும், எல்லாம் போயிற்று என்று மணலோடு தொட்டியைக் கழுவி ஊற்றிவிடுவார். அடுத்த தலைமுறை மொத்தமும் அந்த மணலில்தான் கிடக்கிறது.

'வறள்முட்டை'யும் ஒத்துவரவில்லை. உதிரும்போது அது நீருக்கடியில் நனைந்தே இருக்கிறது. கையேட்டில் "வறள்முட்டையை உலர்த்தவும்" என்று எழுத நேரும்.

விதைமுட்டை என்று வைக்கலாமே? காயவைக்கிறோம், சேமிக்கிறோம், ஈரம் கண்டதும் முளைக்கிறது, அதுவும் எல்லாம் ஒரே தடவையில் முளைப்பதில்லை. முதல் மழையில் ஒரு பங்குதான் பொரியும். மற்றவை அடுத்தடுத்த மழைக்கு. முதல் தூறலை நம்பி கைவிதை முழுவதையும் போட்டுவிடாத மானாவாரி விவசாயியின் கணக்கு.

* * *

விதைமுட்டை கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பெண் இறாலின் பையை அடுத்த வரியில் 'விதைமுட்டைப்பை' என்பீர்கள். 'விதைப்பை' உடற்கூறு நூலில் ஆணுக்குரியது. அங்கே மாட்டிக்கொள்வோம்.

'உறைமுட்டை' என்று யாராவது கிளம்புமுன் அதையும் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். கடையில் மீன் தீனிக்கான ஆர்ட்டீமியா (உப்புநீரில் வாழும் இதன் உறவினம்) உறைந்த கட்டியாக விற்கிறது. உறைமுட்டை என்றால் ஃப்ரீசரில் வைத்தது என்றுதான் நினைப்பார்கள்.

வேளாண்மையில் 'விதை உறக்கம்' என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளது. அதிலிருந்து 'உறங்குமுட்டை', அல்லது கருத்துக்கு இன்னும் நெருக்கமாக 'உறங்குகரு' எடுக்கலாம். ரோட்டிஃபர், டாஃப்னியா ஆகிய நுண்ணிய நீருயிர்களும் இப்படி இடுகின்றன. டாஃப்னியாவில் அது சேணம் போன்ற உறைக்குள் இருக்கும். ஆர்ட்டீமியாக்காரர்களும் இதையே எடுத்துக்கொள்ளலாம். அவர்களுக்கு உப்புநீர் வேண்டும் என்பதுதான் வேறுபாடு.

* * *

இலக்கணப் பக்கம்: உறங்குமுட்டை, உறங்குகரு இரண்டும் ஊறுகாய் மாதிரி வினைத்தொகை. வல்லினம் மிகாது. 'உறங்குக்கரு' என்று எழுதிவிடாதீர்கள்.

என் வாக்கு உறங்குமுட்டைக்கு. 'கரு' என்றால் வீட்டில் மஞ்சள் கரு, வெள்ளைக் கருதான் நினைவுக்கு வரும்.

ஆனால் ஒன்று. இதில் இரண்டு நிலைகள் உள்ளன. இரண்டையும் 'உறக்கம்' என்று மொழிபெயர்த்தால் வளர்ப்பவருக்குப் பிழை எங்கே என்று தெரியாது. முதல் நிலை டயபாஸ்: தண்ணீர், வெளிச்சம், சூடு எல்லாம் இருந்தும் பொரியாது, உள்ளே பூட்டு போட்டிருக்கிறது. உலர்வது பூட்டைத் திறக்கிறது. பூட்டு திறந்தபின் அது மழைக்காகச் சும்மா இருக்கிறது, அது குவியசென்ஸ். முதலாவதற்கு 'உறக்கம்', இரண்டாவதற்கு 'காத்திருப்பு' என்று வைத்தால் பொரியாத தட்டைப் பார்த்து, காயவைத்தது போதவில்லையா, தண்ணீர் சரியில்லையா என்று கேட்க முடியும்.

தண்ணீர் சரியில்லை என்பது பெரும்பாலும் போர் தண்ணீர்தான். மழை வந்துவிட்டது என்பதற்கு இந்த முட்டைக்குக் கிடைக்கும் அடையாளம் உப்புக் குறைந்த நீர். டிடிஎஸ் (நீரில் கரைந்த உப்புகளின் அளவு) 800 பிபிஎம் உள்ள தண்ணீரில் காத்திருப்பு நீண்டுகொண்டே போகும்.

* * *

காத்திருப்பு நல்ல யோசனை. ஏற்கிறேன். முடிவாக உறங்குமுட்டை, உறக்கம், காத்திருப்பு. பைக்கு 'முட்டைப்பை'யே போதும். சொற்களைப் போட்டுத் திருத்திய பகுதி கீழே. எங்காவது இடறினால் சொல்லுங்கள்.

"உறங்குமுட்டை கலந்த மணல் 1 தேக்கரண்டி எடுத்து, அகலமான தட்டில் 2 லிட்டர் மழைநீர் அல்லது ஆர்.ஓ. நீரில் தூவவும். டிடிஎஸ் 100 பிபிஎம்முக்குக் கீழே, ஆழம் 5 செ.மீ.க்குள், சூடு 26–28 டிகிரி. விளக்கை அணைக்க வேண்டாம். மிதந்து தட்டின் ஓரத்தில் ஒட்டியவற்றைத் தூரிகையால் நீருக்குள் தள்ளிவிடவும். ஒட்டியபடி காய்ந்தவை பொரியா. 24 முதல் 48 மணி நேரத்தில் வெள்ளைப் புள்ளிகள் துள்ளி நீந்தும்.

இரண்டாம் நாளிலிருந்து தீனியாக ஸ்பைருலினா (நீலப்பச்சைப் பாசி) தூள். கத்தி நுனியளவை அரை டம்ளர் நீரில் கரைத்து, சில சொட்டு மட்டும். தண்ணீரில் இலேசான பசுமை தட்டினால் போதும்; அது தெளிந்தபின் அடுத்த சொட்டு. மிஞ்சிய தூளில் பாக்டீரியா பெருகி ஆக்சிஜனைத் தின்றுவிடும். காலையில் எல்லாம் அடியில் கிடக்கும். மூன்றாம் நாளுக்குப் பின் 20 லிட்டர் தொட்டிக்கு மாற்றவும். அடியில் 1 செ.மீ. கழுவிய நுண்மணல். காற்றுக்கல் இல்லாத வெறும் குழாயில், எண்ணக்கூடிய வேகத்தில் பெருங்குமிழி. நுண்குமிழி இலைபோன்ற கால்களில் சிக்கிக் குஞ்சை மேலே தூக்கிவிடும். ஸ்பாஞ்ச் ஃபில்டர் வைத்தால் அது தீனியையும் சேர்த்து உறிஞ்சும் என்பதை நினைவில் வைக்கவும். மீன் கூடாது, செம்பு கலந்த மீன் மருந்து ஒரு சொட்டும் கூடாது.

மல்லாந்து நீந்துவது நோயல்ல. அதன் இயல்பே அது.

இறால்கள் மடிந்தபின் நீரை மெல்ல உறிஞ்சி எடுத்து, மணலை நிழலில் பரப்பவும். விரலில் தேய்த்தால் கோலமாவு போல் உதிர வேண்டும். அரை ஈரத்தில் மூடி வைத்தால் பூசணம் பிடிக்கும். உலர்ந்தபின் 3 வாரமாவது விடவும். உறக்கம் கலைந்து காத்திருப்புக்கு வர அந்த உலர்வு வேண்டும். முதல் பொரிப்பு முடிந்த மணலையும் கொட்ட வேண்டாம், மறுபடி காயவைத்து நனைக்கவும்."

* * *

"உறக்கம் கலைந்து காத்திருப்புக்கு வர" என்ற இடத்தில் புதிதாகப் படிப்பவர் தடுக்குவார். அதற்கு முன்னால் "அதுவரை தண்ணீர் விட்டாலும் எழாது" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். மற்றபடி அச்சுக்குப் போகலாம்.