கோமாளி மீனில் 'பேரிங்': துணையமைவு எனலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

கோமாளி மீன் (clownfish) வளர்ப்பில் அடிக்கடி வரும் 'பேரிங்' (pairing), அதாவது இரண்டு மீன்கள் ஒன்றையொன்று துணையாக ஏற்றுக்கொள்வது, என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் இணைசேர்தல், இனச்சேர்க்கை, ஜோடி சேர்த்தல் என மூன்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன. முதல் இரண்டும் வேண்டாம் என்று அழுத்தமாகவே சொல்வேன். இணைசேர்தல் என்றதும் தமிழில் எவருக்கும் புணர்ச்சிதான் நினைவுக்கு வரும். பேரிங் அதற்கு வெகு முன்பே, பல நேரம் மாதக்கணக்கில் முன்பே, நடந்து முடிந்துவிடுகிறது. மேலும் இம்மீன்களில் கருவுறுதல் உடலுக்கு வெளியே நடக்கிறது. பெண் பாறைமேல் முட்டைகளை ஒட்டிக்கொண்டே போக, ஆண் பின்னாலேயே வந்து விந்தைப் பாய்ச்சும்.

தொட்டிக்குள் நடப்பதைக் கவனித்தால் சொல் தானே வழிக்கு வரும். இளங் கோமாளி மீன் ஆணுமில்லை, பெண்ணுமில்லை. இரண்டுக்குமான திசுக்களும் முதிராமல் அதன் உடலில் இருக்கும். அளவில் வேறுபட்ட இரண்டு இளமீன்களை ஒன்றாக விட்டால் பெரியது சின்னதைத் துரத்தும், துடுப்பைக் கடிக்கும். ஒரு கட்டத்தில் சின்னது ஓடுவதை விட்டுவிட்டு, பெரியதன் முன்னால் உடலை ஒருக்களித்து வெடவெடவென நடுங்கும். வலிப்போ என்று புதிதாக வளர்ப்பவர்கள் பதறிப்போவார்கள். உண்மையில் அது அடங்கிவிட்டேன் என்று காட்டும் சைகை. இப்படி யார் பெரியவர் என்பது தீர்ந்தபின் பெரியது பெண்ணாகவும் சின்னது ஆணாகவும் முதிர்கின்றன. பெண் இறந்துபோனால் ஆண் பெண்ணாக மாறும். பெண்ணானது மறுபடி ஆணாவதில்லை. முதிர்ந்த இரு பெண்களை ஒரே தொட்டியில் விட்டால் ஒன்று சாகும்வரை சண்டை நீள்வது இதனால்தான்.

ஆகவே நமக்கு வேண்டிய சொல் உறவின் படிநிலையும் பாலும் சேர்ந்தே முடிவாவதைக் குறிக்க வேண்டும். ஜோடி பேச்சுக்கு நல்ல சொல், நானும் சொல்வேன். ஆனால் ஒரே பையில் வாங்கிவந்த எந்த இரண்டு மீனும் ஜோடிதான். அந்த இரண்டும் ஒன்றையொன்று ஏற்றுக்கொண்டனவா என்பதல்லவா வளர்ப்பவரின் கேள்வி?

என் பரிந்துரை 'துணையமைவு'. நல்ல துணை அமைந்தது என்று நாம் எப்போதும் சொல்வதுதான். மீன்கள் தாமே செய்வது துணையமைதல், வளர்ப்பவர் ஏற்பாடு செய்வது துணையமைத்தல் என்று தன்வினையும் பிறவினையும் சிரமமின்றிப் பிரிகின்றன. அதைவிட எனக்குப் பிடித்தது, அமைதலுக்கு அடங்குதல் என்ற பொருளும் உண்டு என்பது. அந்தச் சின்ன மீனின் நடுக்கம் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது! துணை என்றால் கல்யாண வாடை அடிக்கும் என்று மறுப்பு வரலாம். சங்கப் பாடல்களிலேயே பறவைக்கும் விலங்குக்கும் துணை உண்டு, தயங்க வேண்டாம்.

வாக்கியத்தில் வைத்துப் பார்க்கிறேன்: "துணையமைந்த மீன்கள் இரவில் ஒரே மூலையில் உறங்கும். முட்டையிடும் நாள் நெருங்கினால் இரண்டும் பாறையின் ஒரு பகுதியை வாயால் கவ்விக் கவ்விச் சுத்தம் செய்யும்." உறுத்தவில்லை. பெண் இறந்து, பெண்ணாக மாறியது புதிய துணையை ஏற்பதை மறுதுணையமைவு எனலாம்.

இதையொட்டி இன்னொன்று. ஆணாக இருந்து பெண்ணாவதற்குத் தாவரவியலிலிருந்து 'ஆண் முன்முதிர்வு' என்பதை எடுத்தாள்வது பொருந்தாது. பூவில் சூலகமுடிக்கு முன் மகரந்தப்பை முதிர்கிறது, அவ்வளவே. இங்கே மீனின் பாலே மாறுகிறது. 'ஆண்முதல் பால்மாற்றம்' என்றால் தெளிவு. பெண்ணாகத் தொடங்கி ஆணாகும் களவா போன்ற மீன்களுக்குப் 'பெண்முதல் பால்மாற்றம்' என்று இணைச்சொல்லும் கிடைக்கிறது.

பொரிதல், முட்டை காத்தல் இவற்றுக்குப் புதுச்சொல் எதற்கு? ஆண் மீன் துடுப்பால் விசிறி, கெட்ட முட்டைகளைப் பொறுக்கி எடுப்பது காத்தல்தான். ஏறக்குறைய 7 முதல் 10 நாளில் விளக்கணைந்தபின் இருட்டில் நடப்பது பொரிதல்தான். குஞ்சுகளின் முதல் இரையான ரோட்டிஃபர் (rotifer) என்ற நுண்ணிய நீருயிரியின் பெயரையும் அப்படியே விட்டுவிடலாம். வளர்ப்பவர்கள் வாயில் அது ஏற்கெனவே தமிழாகிவிட்டது.

துணையமைவுக்கு மறுப்பிருந்தால், மாற்றுச் சொல்லை வாக்கியத்தில் வைத்து எழுதுங்கள்.