பலாலி ஓடுபாதையும் எங்கள் ஊர்களும்: அனுபவப் பகிர்வு (ஒவ்வொரு பதிவுக்கும் மேலே எழுதியவரின் புனைபெயர்)

வசாவிளான் பேத்தி

1990 ஜூனில் போரால் யாழ்ப்பாணத்துப் பலாலி ஓடுபாதையைச் சுற்றியுள்ள எங்கள் ஊர்களைவிட்டு இடம்பெயர்ந்ததைப் பற்றி இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை என்பதால் நேரே விடயத்துக்கு வருகிறேன். 2019இல் பலாலி யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டுச் சில வாரங்களில், அம்மாவைச் சென்னையிலிருந்து அந்தச் சிறிய ஏடிஆர் விமானத்தில் அழைத்து வந்தேன். கடலைக் கடந்து தாழப் பறக்கத் தொடங்கியதும் செம்பாட்டு மண்ணும் பற்றைகளும் தெரிந்தன. சன்னலில் நெற்றியை ஒட்டியபடி இருந்த அம்மா, "எங்கட கிணறு இதுக்குள்ளதான் எங்கயோ கிடக்கு" என்றார். சில்லுகள் தரையைத் தொட்டபோது ஏதோ புனிதமான பொருளை மிதித்துவிட்டவரைப் போலத் தம் கால்களிரண்டையும் சட்டென மேலே தூக்கிக்கொண்டார். அந்தக் கால்கள் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கின்றன.

மயிலிட்டிக் கரையான்

2017 ஜூலையில் இராணுவம் மயிலிட்டித் துறைமுகத்தை விடுவித்தபோது 27 ஆண்டுகளுக்குப் பிறகு உள்ளே போனவர்களில் நானும் ஒருவன். கூரையும் இல்லை, சுவரும் இல்லை. குசினியின் சிவப்புச் சீமெந்துத் தரை மட்டும் கிடந்தது; அதன் மூலையில் அம்மி வைத்த இடம் வட்டமாக வெளிறியிருந்தது. எங்களை விரட்டிய இந்தப் பலாலி ஓடுபாதை, இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய விமானப்படை அமைத்தது. போருக்கென்று போட்ட பாதை போரைத்தான் கொண்டுவரும் என்று அப்பு சொல்லுவார்.

கட்டுவன் சைக்கிள்

மேலே எழுதியவருடைய அப்புவின் கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை. எயர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் 1947 டிசெம்பர் 10ஆம் திகதி இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, காங்கேசன்துறை என்று அன்று குறிக்கப்பட்ட இதே ஓடுபாதையில் இறங்கித்தான் சென்னைக்குப் போனது. பிற்காலத்தில் இங்கிருந்து திருச்சிக்கும் சேவை இருந்தது. சேலை எடுக்கவும் படம் பார்க்கவும் போய்வந்தவர்கள் எங்கள் ஒழுங்கையிலேயே இருந்தார்கள். எழுபதுகளில் நான் பள்ளிக்கூடம் விட்டதும் வேலியில் சைக்கிளைச் சாத்திவிட்டு அவ்ரோ விமானம் புறப்படுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அதன் விசிறிக் காற்றில் பக்கத்துத் தோட்டத்துப் புகையிலை இலைகளெல்லாம் ஒரே நேரத்தில் புரண்டு வெளிறிய அடிப்பக்கத்தைக் காட்டும். அந்தப் பாதைக்குப் போர் மட்டுமே வரலாறு என்றால், அந்தத் தோட்டக்காரர் அங்கே இருந்ததே இல்லை என்றாகிவிடும்.

பரப்புக் கணக்கு

எனக்குச் சொல்ல அதிகமில்லை: விடுவிக்கப்பட்ட எங்கள் வளவில் வேலியைத் தேடி ஒரு பகல் முழுவதும் நடந்தேன், வேலிக்கு நட்ட கதியால் தடி ஒன்றுகூட மிஞ்சவில்லை.

ஆனால் முதலில் எழுதிய தங்கைக்கு ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் தாயார் வீட்டைத் தேடாமல் கிணற்றைத் தேடியது மிகச் சரி. வீட்டை இடித்துத் தள்ளலாம், வேலியை உழுதுவிடலாம். சுண்ணக்கல்லில் வெட்டிய கிணற்றைத் தூர்த்தாலும் அதன் வாய் எப்படியும் தடயம் காட்டும். காணி உறுதியை, அதாவது பத்திரத்தை, எடுத்துப் பாருங்கள். நாற்புறமும் அயலவர் பெயர்களே எல்லையாக எழுதப்பட்டிருக்கும். அவர்களுடைய பிள்ளைகளை முதலில் தேடிப் பிடியுங்கள். 18 குழி ஒரு பரப்பு, 16 பரப்பு ஓர் ஏக்கர் என்ற கணக்கை நில அளவையாளர் வருமுன் நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள். பங்குக் கிணறு என்றால் அதில் உங்களுக்குள்ள உரிமையும் உறுதியில் இருக்க வேண்டும். காணி திரும்பக் கிடைத்தாலும் கண்ணிவெடி அகற்றியவர்கள் அனுமதிக்கும்வரை தூர்ந்த கிணற்றில் மண்வெட்டியை வைக்காதீர்கள்.

வசாவிளான் பேத்தி

அண்ணா, உறுதி அம்மாவின் பெட்டிக்குள் இருக்கிறது. காணிதான் இன்னும் கம்பி வேலிக்கு அந்தப் பக்கம். நீங்கள் எல்லோரும் எழுதியதை நேற்றிரவு அவருக்கு வாசித்துக் காட்டினேன். கட்டுவன் அண்ணா, அவர் உங்களிடம் ஒன்றே ஒன்றைக் கேட்கச் சொன்னார்: நீங்கள் பார்த்த அந்தப் புகையிலைத் தோட்டத்தில் கிணற்றடியில் துலா இருந்ததா, அதற்குப் பக்கத்தில் ஒரு பலாமரம் நின்றதா?