பாஸ்பேட் எந்த அணுவில் ஏறியது?

பெங்களூருவில் யஷ்வந்த்பூரை ஒட்டிய ஓர் ஆய்வகத்தில் நான் சேர்ந்த முதல் ஆண்டில் நடந்ததைப் பகிர்கிறேன். புரதத்தின் மேல் பாஸ்பேட்டை ஏற்றும் இதே வேலையில் இறங்குபவர்களுக்கு ஒரு மாத உழைப்பாவது மிஞ்சும் என்று நம்புகிறேன்.

எண்ணெய் எடுத்த நிலக்கடலை மாவிலிருந்து பிரித்த புரதம், பி.எச். 4.5-ஐ ஒட்டிய புளிப்பில் கரையாமல் அடியில் தங்கிவிடும். பாலின் புரதமான கேசீனில், செரின் என்னும் அமினோ அமிலங்களின் மேல் இயற்கையாகவே பாஸ்பேட் இருக்கிறது. பீட்டா கேசீனில் மட்டும் 5 உண்டு. அதுபோலக் கடலைப் புரதத்திலும் ஏற்றினால் எதிர்மின்சுமை கூடிக் கரைதிறன் உயரும் என்பது எங்கள் எண்ணம். கைனேஸ் நொதி தனக்கு ஏற்ற இடத்தைப் பார்த்துத்தான் பாஸ்பேட்டை வைக்கும், அதற்குப் பாஸ்பேட்டைக் கொடுக்கும் ஏடிபி என்னும் மூலக்கூறும் வேண்டும். கிலோக் கணக்கில் மாவைக் கையாளும் எங்களுக்கு அது கட்டுப்படியாகாது. ஆகவே பாஸ்பரஸ் ஆக்ஸிகுளோரைடைக் கையில் எடுத்தோம்.

அந்தத் திரவம் தண்ணீர் பட்டாலே சீறிப் புகையும். ஒரு மூலக்கூறு முழுவதும் சிதைந்தால் மூன்று ஹைட்ரஜன் குளோரைடும் ஒரு பாஸ்பாரிக் அமிலமும் வெளிவரும் என்பதால், பீக்கரை ஐஸ் தொட்டியில் இறக்கி, ஒரு கையால் அதைத் துளித்துளியாகவும் மறு கையால் சோடியம் ஹைட்ராக்சைடையும் விட்டுக்கொண்டே பி.எச். அளவை 8-க்கும் 9-க்கும் இடையில் நிறுத்த வேண்டியிருந்தது. துளி விழுந்த இடத்தில் புரதம் தயிர்த் துணுக்குபோலத் திரண்டு, கலக்கியின் சுழற்சியில் மெல்லக் கரையும். கரையாத துணுக்குகள் மிதந்தால் அன்று வேகமாக விட்டுவிட்டேன் என்று பொருள். மூன்று குளோரின்கள் இருப்பதால், ஒரே பாஸ்பரஸ் இரண்டு புரதச் சங்கிலிகளைச் சேர்த்துப் பிணைத்துவிடவும் கூடும்.

குளிரறையில் மூன்று நாள் டயாலிசிஸ் செய்து (சவ்வுப் பையில் வைத்துச் சிறு மூலக்கூறுகளைக் கழுவிப் போக்கி), உலர்த்தி, அமிலத்தில் முழுவதும் செரித்து, அதாவது சிதைத்து, பாஸ்பேட் இருந்தால் எழும் மாலிப்டேட் நீலத்தை அளந்தபோது பாஸ்பரஸ் எதிர்பார்த்ததைவிட மிக உயர்ந்து நின்றது. மகிழ்ச்சியில் அன்றே அறிக்கையை எழுதிக் கொடுத்துவிட்டேன். எங்கள் ஆய்வகத்தில் மதுரைக்கார அக்கா ஒருவர் மூத்த ஆய்வாளராக இருந்தார். அதைப் படித்துவிட்டு அவர் ஒன்றுதான் கேட்டார்: “செரிக்காம ஒரு தடவை பாத்தியாம்மா?”

பார்க்கவில்லை. செரிக்காத மாதிரியில் டிரைகுளோரோ அசெட்டிக் அமிலத்தைச் சேர்த்துப் புரதத்தை வீழ்படிவாக்கி, மையவிலக்கியில் சுழற்றி, சிறிது நேரம் கழித்து மேலே நின்ற தெளிநீரைச் சோதித்தோம். டயாலிசிஸின் கடைசி நீரில் நிறமே எழவில்லை; இந்தத் தெளிநீரோ கண்ணெதிரே அடர்நீலமானது. கழுவிப் போக்க வேண்டியதெல்லாம் முன்பே போய்விட்டதால், அந்தப் பாஸ்பேட் புரதத்திலிருந்துதான் அறுந்து வந்திருக்க வேண்டும். பெரும்பங்கு செரினின் ஆக்சிஜனில் இல்லை, லைசின் என்னும் வேறோர் அமினோ அமிலத்தின் நைட்ரஜனில் ஏறியிருந்தது என்பதை, பாஸ்பரஸ் எதனோடு பிணைந்திருக்கிறது என்று காட்டும் பாஸ்பரஸ்-31 என்.எம்.ஆர். அளவீடும் பின்னர் காட்டியது. நைட்ரஜனோடு சேர்ந்த பிணைப்பு காரத்தைத் தாங்கும், புளிப்பில் அறும். செரினில் ஏறியது புளிப்பைத் தாங்கும், கடுங்காரத்தோடு வெப்பமும் சேர்ந்தால் உதிரும். நாங்கள் அந்தப் புரதத்தைக் கலக்க நினைத்திருந்ததோ பழச்சாற்றில்.

அறிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். வருத்தமாகத்தான் இருந்தது, ஆனாலும் மொத்தப் பாஸ்பரஸை மட்டும் அளந்து கரைதிறனைப் பற்றிப் பேசுவது சரியில்லை என்று அன்று உறுதியாகத் தெரிந்தது. ஒரே ஒரு குறித்த இடத்தில் வேண்டுமென்றால் வழியே வேறு: புரதத்திலுள்ள சிஸ்டீன் என்னும் அமினோ அமிலத்தை டீஹைட்ரோஅலனினாக மாற்றி, அதன்மேல் தயோபாஸ்பேட்டைச் சேர்ப்பார்கள், கிடைப்பது பாஸ்போசிஸ்டீன், அதாவது செரினின் ஆக்சிஜன் இருக்க வேண்டிய இடத்தில் கந்தகம். நுட்பமான, அழகான முறை. ஆனால் மாவு மூட்டைக்கு ஆகாது.

இப்போது சோடியம் டிரைமெட்டாபாஸ்பேட்டைக் கொண்டு, பி.எச். 11-க்கு மேல், சூடேற்றாமல் செய்து பார்க்கிறோம். ஏறும் அளவு குறைவு. ஒவ்வொரு தொகுதிக்கும் இரண்டு சோதனைக் குழாய்கள் வைக்கிறேன், ஒன்று செரித்தது, மற்றொன்று செரிக்காதது. இரண்டின் எண்களும் குறிப்பேட்டில் ஒரே வரியில் ஏறுகின்றன.