கார்புரேட்டர் ஜிப்சிக்கு எம்பிஎஃப்ஐ இன்ஜின்: மாற்றுவதா, இருப்பதைச் சரிசெய்வதா?

கோத்தகிரி ஜிப்சி:
வணக்கம். என்னிடம் இருப்பது 1998 ஜிப்சி கிங். 8 வால்வு, கார்புரேட்டர், 1298 சிசி. நான்கு வருடத்துக்கு முன் கோவையில் வாங்கினேன். சோலூர்மட்டம் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் தேயிலை இருக்கிறது. கடைசி ஒரு கிலோமீட்டருக்குத் தார் கிடையாது, மழைக்காலத்தில் ஃபோர் வீல் போடாமல் ஏற முடியாது. ஆறு மாதமாக வண்டியில் இழுவை இல்லை. இரண்டாம் கியரில் ஏறிய இடத்தில் இப்போது லோ ரேஞ்ச் போட்டு முதல் கியரில் முக்குகிறது. பெட்ரோலும் தாங்கவில்லை.

இங்கே மெக்கானிக் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம், பார்த்தார். நாலு சிலிண்டரும் வரிசையாக 138, 140, 112, 136 பிஎஸ்ஐ. "170க்குக் கீழே போனாலே இன்ஜின் முடிந்தது, வேறு இன்ஜின் பாருங்கள்" என்றார். கூடலூரில் ஒருவரிடம் 2004 எம்பிஎஃப்ஐ ஜிப்சி (கார்புரேட்டருக்குப் பதில் கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் பெட்ரோல் பீய்ச்சும் வகை) நிற்கிறது. சேஸ் துருப்பிடித்துக் கண்டமான வண்டி, இன்ஜின் மட்டும் ஒரே முறுக்கில் ஸ்டார்ட் ஆகிறது. முழு வண்டிக்கும் 70,000 கேட்கிறார். எல்லாம் சேர்த்து 90,000க்கு மேல் என்னால் முடியாது. அந்த இன்ஜினை எடுத்து இதில் வைக்கலாமா?

குன்னூர் 16 வால்வு:
தாராளமாக வையுங்கள் தம்பி. 2016இல் இதே வேலையை என் வண்டியில் செய்தேன். இரண்டும் ஒரே குடும்பத்து இன்ஜின். போர் (சிலிண்டரின் உள் விட்டம்) 74 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 75.5, இரண்டிலும் அதேதான். மேலே ஹெட்தான் வேறு, உங்களுடையதில் 8 வால்வு, இதில் 16. மவுண்ட் வெட்டி வெல்டிங் வைக்கிற வேலை எனக்கு வரவில்லை. பழையது 60 குதிரைசக்தி, இது 80. நம் உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு போனாலும் 64 மிச்சம் இருக்கும். உங்களுடையது புதிதாக இருந்தபோதே இங்கே 48தான் கொடுத்திருக்கும்.

ஒன்று மட்டும் கவனம். இன்ஜினை மட்டும் வாங்காதீர்கள், முழு வண்டியாக வாங்குங்கள். இசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்), அதன் முழு ஒயரிங், பெட்ரோல் டேங்க், டேங்குக்குள் இருக்கும் பம்ப், ரிட்டர்ன் லைன், ஏர் பில்டர் பெட்டி, சைலன்சர் வரை எல்லாமே வேண்டும். நான் முதலில் கோவை உக்கடத்தில் இன்ஜினை மட்டும் மலிவாக வாங்கிவிட்டு, விட்டுப்போன சாமான்களைத் தேடி மூன்று மாதம் அலைந்தேன். ஒரு கனெக்டருக்காக இரண்டு முறை கோவை போய் வந்தேன். கடைசியில் இன்ஜின் விலையை விடச் சில்லறைச் சாமான் செலவு அதிகமாகிவிட்டது.

லேத்துக்காரர், மேட்டுப்பாளையம்:
தம்பி, இன்ஜின் வாங்குகிற பேச்சை இரண்டு நாள் தள்ளி வையுங்கள். உங்கள் மெக்கானிக் கணக்கில் ஒரு விஷயம் விட்டுப்போயிருக்கிறது.

170 என்பது சமவெளிக் கணக்கு. கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தை விட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சிலிண்டர் உள்ளே இழுக்கும் காற்றே மெலிசாக இருக்கும்போது கேஜில் முள் எப்படி ஏறும்? உங்கள் 140ஐக் கடல் மட்டத்துக்கு மாற்றினால் 174 வரும். அது நல்ல இன்ஜின். 138, 136 இரண்டும் அப்படியே. கெட்டுப்போனது 112 காட்டும் மூன்றாவது சிலிண்டர் ஒன்றுதான். பல்லில் வலி என்றால் தாடையையே மாற்றுவோமா?

கீழே வாருங்கள், 33 கிலோமீட்டர்தான். இன்ஜின் நல்ல சூடாக இருக்கும்போது, நாலு பிளக்கையும் கழற்றிவிட்டு, ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்து கேஜ் பாருங்கள். குறைந்த சிலிண்டரில் பிளக் ஓட்டை வழியாக ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு நன்றாக ஏறினால் ரிங் அல்லது போர் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கட். பத்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் 70,000 ரூபாயை எண்ணிக் கொடுக்காதீர்கள்.

குன்னூர் 16 வால்வு:
லேத்துக்கார அண்ணே சொன்ன உயரக் கணக்கு சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே உயரம்தான் என் கட்சிக்கும் சாட்சி. மேலே வந்தால் காற்று மெலிகிறது, கார்புரேட்டர் அந்த அளவுக்குப் பெட்ரோலைக் குறைப்பதில்லை. அதனால்தான் கறுப்புப் புகை, கரி பிடித்த பிளக், மைலேஜ் அடி. எம்பிஎஃப்ஐயில் மேப் சென்சார் காற்றழுத்தத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும், இசியு அதற்குத் தக்கபடிதான் பெட்ரோல் விடும். நான் காலையில் மேட்டுப்பாளையம் இறங்கி மாலையில் ஊட்டி ஏறினாலும் வண்டி ஒரே மாதிரி ஓடுகிறது. மூன்றாவது சிலிண்டரைச் சரிசெய்தாலும் தம்பிக்கு இந்தச் சுகம் கிடைக்காது.

லேத்துக்காரர், மேட்டுப்பாளையம்:
அதற்கு ஜெட் இருக்கிறது சார், கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சிறு துளை. வண்டி கோவையில் வாங்கியது, சமவெளி ஜெட்டோடுதான் நான்கு வருடமாக மேலே ஓடிக்கொண்டிருக்கும். மெயின் ஜெட்டை ஒரு அளவு சிறிதாக்கினால் கரி நிற்கும். அடிக்கடி கீழே வருகிறவர்களுக்கு அது ஒத்துவராது, கலவை மெலிந்து இன்ஜின் சூடாகும். இவர் வண்டி தோட்டத்துக்கும் கோத்தகிரிக்கும்தானே போய்வருகிறது.

இழுவைக்கு வருகிறேன். 16 வால்வில் 103 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை என்பது 4,500 ஆர்பிஎம்மில். ஈரக் களிமண் ஏற்றத்தில் யார் அவ்வளவு முறுக்குவார்கள்? அங்கே வேண்டியது அடியில் கிடைக்கும் இழுவை. அதோடு, தோட்டத்து நடுவில் சென்சார் மக்கர் செய்தால் ஸ்கேனரோடு யார் வருவார்? கார்புரேட்டர் அடைத்தால் இவரே கழற்றி ஊதி மாட்டிவிடுவார்.

மேல்மலை:
கொடைக்கானல் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். இரண்டு பேரும் இன்ஜினைப் பற்றியே பேசுகிறீர்கள், ஆர்சி புத்தகத்தை யாரும் திறக்கவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் முதலில் கொடுத்த விவரத்திலிருந்து ஆர்சி விவரம் மாறும்படி வண்டியை மாற்ற முடியாது. 2019இல் உச்ச நீதிமன்றமும் இதைக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. 98 வண்டிக்கு 15 வருடம் கழித்து ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்சி புதுப்பிக்க வேண்டும். இவருக்கு அடுத்தது 2028. அன்றைக்கு இன்ஸ்பெக்டர் பானட்டைத் திறந்து இன்ஜின் நம்பரைப் பார்த்தால் என்ன பதில் சொல்வார்? விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர்களும் இதைத்தான் முதலில் பிடிப்பார்கள்.

கூடலூர் வண்டிக்கும் ஒரு கணக்கு உண்டு. அது இனி ஓடாது என்றால் அதன் சொந்தக்காரர் 55ஆம் பிரிவின்படி 14 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவித்து ஆர்சியை ஒப்படைக்க வேண்டும். அந்தப் பேப்பரும் விற்பனை ரசீதும் இல்லாமல் அந்த இன்ஜினைத் தொடாதீர்கள். அது யாருடைய இன்ஜின் என்று நாளைக்கு நீங்கள்தான் நிரூபிக்க வேண்டிவரும்.

குன்னூர் 16 வால்வு:
நான் முன்கூட்டியே ஆர்டிஓவில் எழுதிக் கொடுத்து, ரசீது காட்டி, நம்பரை ஆர்சியில் ஏற்றிய பிறகுதான் வண்டியை எடுத்தேன். அது 2019க்கு முந்தைய கதை என்பதையும் சொல்லிவிடுகிறேன். தம்பி, நேரில் போய்க் கேட்டுவிட்டு, அனுமதியைக் கையில் வாங்கிய பிறகு இன்ஜினை இறக்குங்கள். இந்த இடத்தில் மேல்மலை சொல்வதுதான் சரி.

கீழ்கோத்தகிரி:
எங்கள் அப்பாவின் ஜீப் கதையைச் சொல்கிறேன். மஹிந்திரா எம்எம் 540, பெஜோ டீசல் இன்ஜின், 2112 சிசி. அதைக் கழற்றிவிட்டு டெம்போ ட்ராக்ஸ் இன்ஜின் வைத்தார்கள். கியர்பாக்ஸோடு சேர்க்க நடுவில் ஒரு பிளேட் அடித்துப் போட்டார்கள். இழுவை பிரமாதம், இலை மூட்டையோடு ஏற்றத்தில் நின்றுவிட்டுக் கிளம்பும். ஆனால் அந்தப் பிளேட் மயிரிழை தள்ளி அமைந்துவிட்டது. கிராங்கும் கியர்பாக்ஸ் ஷாப்டும் ஒரே நேர்கோட்டில் இல்லை. எட்டு மாதத்துக்கு ஒருமுறை பேரிங் போகும், கிளட்ச் பிளேட் போகும். கிளட்சை மிதித்தாலே ஒரு கரகர சத்தம் வரும், அதைக் கேட்டதும் அப்பா முகம் வாடிவிடும். மூன்று வருடம் போராடிவிட்டு வண்டியை விற்றார். அந்த ஜீப்பில்தான் நான் ஓட்டக் கற்றேன். இன்ஜின் மாற்றம் என்றாலே எனக்கு அந்தச் சத்தம்தான் ஞாபகம் வருகிறது.

குன்னூர் 16 வால்வு:
அக்கா, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் அது வேறு கம்பெனி இன்ஜினை வேறு கம்பெனி கியர்பாக்ஸில் பூட்டியதால் வந்த வினை. ஜிப்சியில் நடுவில் பிளேட்டே கிடையாது. இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

கோத்தகிரி ஜிப்சி:
எல்லோருக்கும் நன்றி. நேற்று மேட்டுப்பாளையம் இறங்கி, இன்ஜின் நன்றாகச் சூடாகட்டும் என்று காரமடை வரை ஓட்டிவிட்டுக் கேஜ் போட்டோம். 165, 167, 134, 163. அதே கேஜ், அதே இன்ஜின். முள் ஏறியதைப் பார்த்ததும் மனசு லேசாகிவிட்டது. மூன்றாவதில் ஆயில் விட்டுப் பார்த்தோம், 138. அவ்வளவுதான். பிளக் நாலிலும் விளக்குக் கரி மாதிரி கறுப்பு, விரலில் ஒட்டியது.

லேத்துக்காரர், மேட்டுப்பாளையம்:
ஆயில் விட்டும் நாலு பிஎஸ்ஐதான் ஏறியது என்றால் ரிங் அல்ல. கேஸ்கட் போயிருந்தால் பெரும்பாலும் பக்கத்து சிலிண்டரும் சேர்ந்து இறங்கியிருக்கும், இல்லையென்றால் தண்ணீர் குறைந்திருக்கும். வால்வுதான். ஹெட்டை இறக்குங்கள்.

கோத்தகிரி ஜிப்சி:
ஹெட்டைக் கழற்றிவிட்டோம். மூன்றாவது எக்ஸாஸ்ட் வால்வின் விளிம்பில், நகத்தால் கிள்ளி எடுத்த மாதிரி பிறை வடிவில் ஒரு பகுதி எரிந்துபோயிருக்கிறது. ஹெட்டைக் கவிழ்த்துவைத்து வால்வின் மேலே பெட்ரோல் ஊற்றினால் அந்த இடத்தில் மட்டும் ஒழுகுகிறது. வால்வை அழுத்தித் திறக்கும் டேப்பட், இடைவெளி இல்லாமல் இறுகியிருந்தது. வாங்கிய நாளிலிருந்து டேப்பட்டை நான் பார்க்கவே இல்லை. வால்வு முழுசாக மூடாமல், சூட்டை அது உட்காரும் சீட்டுக்குக் கடத்த முடியாமல் எரிந்திருக்கிறது என்றார் லேத்துக்கார அண்ணா. போர் சுவரில் தயாரிப்பின்போது போட்ட குறுக்குக் கோடுகள் இன்னும் தெரிகின்றன.

நாலு எக்ஸாஸ்ட் வால்வும் புதிது, சீட் வெட்டுதல், ஹெட் பேஸிங் (அடிப்பக்கத்தைச் சமமாக்குதல்), கேஸ்கட், டைமிங் பெல்ட், ஒரு அளவு சிறிய ஜெட். கூலியோடு 18,500 சொல்கிறார்கள். முடிவு செய்துவிட்டேன், கூடலூர் இன்ஜின் எனக்கு வேண்டாம்.

குன்னூர் 16 வால்வு:
போர் நன்றாக இருக்கும்போது அதைத் தூக்கிப் போடச் சொல்ல எனக்கும் மனசு வராது. ஆனாலும் சொல்கிறேன், ஊட்டிக்கு ஒருமுறை என் வண்டியை ஓட்டிப் பாருங்கள். கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவும் ஏறிவிட்டு வந்து பேசுங்கள். என் கருத்து மாறவில்லை.

மேல்மலை:
தம்பி, அந்தக் கூடலூர்காரர் நம்பரை எனக்குத் தனியாக அனுப்ப முடியுமா? என் வண்டி 2003 எம்பிஎஃப்ஐ. போன மாதம் மன்னவனூர் ஏற்றத்தில் ஆயில் வற்றி பேரிங் சிக்கிவிட்டது, கிராங்கும் போய்விட்டது. எனக்கு இது அதே இன்ஜினுக்கு அதே இன்ஜின். திங்கட்கிழமை ஆர்டிஓவில் முதலில் கேட்டுவிட்டு, அவர் ஆர்சியை ஒப்படைத்த பேப்பர் கைக்கு வந்ததும் வண்டியோடு வருகிறேன். அதுவரை மழையில் நனையாமல் ஒரு தார்ப்பாய் போட்டு மூடிவைக்கச் சொல்லுங்கள்.